பழைய நகரத்தில் ஒரு நாள் ஓய்வு: மணிக்கூண்டில் ஏறாதீர்கள்

கேள்வி இதுதான்: 12 நாள் சைக்கிள் பயணம். ஏழாம் நாள் ஓய்வு, அது ஒரு பழைய கோட்டை நகரத்தில் அமைகிறது. அந்த ஒரு நாளில் எவ்வளவு பார்க்கலாம், சைக்கிளிலேயே சுற்றலாமா, இல்லை ஓய்வே எடுக்காமல் ஓட்டிக்கொண்டு போய்விடலாமா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு நாள் வேண்டும். நகரத்தில் பாதிக்கும் குறைவாகப் பார்த்தால் போதும். சைக்கிளைக் கோட்டைக்குள் கொண்டுபோய்ச் சுற்ற வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, உயரமான கோபுரம், மணிக்கூண்டு எதிலும் ஏறாதீர்கள். கடைசியாகச் சொன்னது வேடிக்கையாகத் தோன்றலாம். நான் பட்டது அதில்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் முதல் நீண்ட பயணத்தில் ஆறு நாள் தொடர்ந்து ஓட்டிவிட்டு ஒரு பழைய நகரத்தில் தங்கினேன். மறுநாள் காலை கால் லேசாக இருந்தது. பகல் முழுக்கச் சும்மா கிடப்பதா என்று தோன்றவே, ஊர் நடுவில் நின்ற மணிக்கூண்டில் ஏறினேன். 400 படிக்கு மேல். வழியில் மற்றவர்கள் மூச்சு வாங்கி ஒதுங்கி நிற்க, நான் மட்டும் நிற்காமல் ஏறினேன். ஆறு நாள் மேடு ஏறிய கால் ஆயிற்றே என்று கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. இறங்கி வந்ததும் முழங்காலுக்கு மேலே நடுங்கியது, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் சைக்கிளில் ஏறக் காலைத் தூக்கியபோது தொடை பிடித்துக்கொண்டது. அதற்கு மறுநாள் இன்னும் மோசம். ஓய்வுக்கு முன்பு நாளுக்கு 90 கிலோமீட்டர் அலட்டிக்கொள்ளாமல் போனவனுக்கு, ஓய்வுக்குப் பிறகு 50-க்கே பெண்டு நிமிர்ந்துவிட்டது.

காரணம் பிறகுதான் புரிந்தது. பெடலை மிதிக்கும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. பெடல் கீழே போனதும் அடுத்த காலின் முறை வந்துவிடும். தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டிய தேவை சைக்கிளில் ஏறக்குறைய இல்லை. படி இறங்குவது அப்படியே தலைகீழ். உடம்பின் எடை முழுவதும் ஒரு காலில் வந்து விழுகிறது. முழங்கால் மடிய மடிய, தொடைத் தசை நீண்டபடியே அந்த எடையைப் பிடித்து நிறுத்துகிறது. பழகாத தசை இப்படி உழைத்தால் அதன் இழைகளில் நுண்ணிய சிதைவு ஏற்படும். அந்த வலி உடனே வராது. ஒரு நாள் கழித்துத்தான் நன்றாகத் தலைகாட்டும், 72 மணி நேரம் வரை உச்சத்தில் இருக்கலாம். ஓய்வு நாளில் ஆடிய ஆட்டத்துக்கு அடுத்த இரண்டு மூன்று நாள் சாலையில் வட்டியும் முதலுமாகக் கட்ட வேண்டியதுதான்.

நன்றாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். மூச்சும் இதயமும் பழக்கத்தில் இருப்பதால் ஏறுவது சுலபமாகிவிடுகிறது, அதனால் எச்சரிக்கை மணி எதுவும் அடிப்பதில்லை. பழைய நகரங்களோ படிகளால் ஆனவை. கொலோன் பேராலயத்தின் தெற்குக் கோபுரத்துக்கு 533 படிகள். புளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்துக்கு 463. இரண்டிலும் லிஃப்ட் கிடையாது, ஏறினால் அத்தனை படியும் இறங்கித்தான் ஆக வேண்டும். ஏறியே தீர வேண்டும் என்ற ஆசை இருந்தால், அந்த நகரம் பயணத்தின் கடைசி நாளில் வருமாறு வழியை மாற்றிப் போடுங்கள். அப்புறம் மூன்று நாள் நொண்டினாலும் பரவாயில்லை. இல்லையென்றால் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். கோபுரத்தைக் கட்டியவர்களே அதை ஊருக்கு வெளியிலிருந்தும் தெருவிலிருந்தும் பார்க்கத்தானே கட்டினார்கள்.

படிக்கு அடுத்தபடி நடை. சைக்கிள் பயணத்தில் நடப்பது மிகக் குறைவு. அப்படியிருக்க, ஓய்வு நாளில் மட்டும் காலை முதல் இரவு வரை கல் பாவிய தெருவில் 15, 18 கிலோமீட்டர் நடந்துவிட்டு "இன்று ஓய்வு எடுத்தேன்" என்று சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அனுபவத்தில் ஒத்துவருவது ஏழு எட்டுக் கிலோமீட்டர், அதுவும் இரண்டு தவணையாக. செருப்பும் முக்கியம். பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூவின் அடிப்பாகம் கட்டைபோல் விறைப்பாக இருக்கும், கீழே உலோகத் துண்டு வேறு துருத்திக்கொண்டிருக்கும். வழவழப்பான கல்லில் அதைப் போட்டு நடந்தால் வழுக்கும், கணுக்கால் பிசகும். ஒரு ஜோடி லேசான செருப்பு 300, 400 கிராம்தான் இருக்கும். பையில் எடையைக் குறைக்கிறேன் என்று அதை விட்டுவிட்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஓய்வே இல்லாமல் ஓட்டினால் என்ன? 12 நாளும் தொடர்ந்து ஓட்டி முடிப்பவர்கள் உண்டு, அது முடியாத காரியம் இல்லை. ஆனால் ஆறாம் ஏழாம் நாள் வாக்கில் கால்வலியைவிட வேறு சில சங்கதிகள் சேர்ந்துகொள்ளும். காலையில் படுக்கையிலேயே நாடியைப் பிடித்துப் பார்த்தால் வழக்கத்தைவிட எட்டு பத்துத் துடிப்பு கூடுதலாக இருக்கும். இரவுத் தூக்கம் விட்டுவிட்டு வரும். பசி மந்தமாகும். கூட வருகிறவர் பேசினாலே எரிச்சல் வரும். இந்த நான்கில் இரண்டு வந்துவிட்டால் கால் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் நிறுத்திவிடுவது நல்லது.

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தய வீரர்களைப் பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள். சரி, பார்ப்போம். இப்போது 23 நாளில் 21 கட்டங்கள், நடுவே இரண்டே ஓய்வு நாள்கள். ஆனால் அந்தப் பந்தயம் 1903-இல் தொடங்கியபோது கதை வேறு. ஜூலை 1 முதல் 19 வரை மொத்தம் ஆறே கட்டங்கள், 2,428 கிலோமீட்டர். ஒரு கட்டம் சராசரியாக 400 கிலோமீட்டர், இரவிலும் ஓட்டியாக வேண்டும். அதற்கு ஈடாகக் கட்டங்களுக்கு நடுவே ஓய்வு நாள்கள் தாராளமாக இருந்தன. வென்ற மொரிஸ் காரனும் அப்படி இடையிடையே ஓய்வெடுத்துத்தான் ஓட்டி முடித்தார். இன்றைய வீரருக்கோ மசாஜ் செய்ய ஆள், சமைக்க ஆள், சைக்கிளைத் துடைக்க ஆள் என்று ஒரு படையே இருக்கிறது. அவர் ஓய்வு நாளில் துணி துவைப்பதில்லை, அருங்காட்சியக வரிசையில் நிற்பதும் இல்லை. நமக்கு ஓய்வு நாள் என்றால் இந்த வேலை எல்லாம் சேர்ந்ததுதான். அதனால் நமக்கு இன்னும் கூடுதலாகவே வேண்டும்.

உடம்புக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். தசைகளில் மாவுச்சத்து கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது, சராசரி ஆளுக்கு 400, 500 கிராம். தினமும் பல மணி நேரம் ஓட்டும்போது இரவுச் சாப்பாட்டில் அது முழுதாக நிரம்பாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவு சேர்ந்துகொண்டே போகும். ஒரு முழு நாள் ஓட்டாமல் நன்றாகச் சாப்பிட்டால் தொட்டி நிரம்பிவிடும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏழு முதல் பத்து கிராம் மாவுச்சத்து என்பது விளையாட்டு உணவியலில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 420 முதல் 600 கிராம். இது கொஞ்சநஞ்சமில்லை, மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டு நடுவிலும் கொறித்தால்தான் எட்டும். "இன்று ஓட்டவில்லையே, குறைத்துச் சாப்பிடுவோம்" என்று நினைப்பது பெரிய தப்பு. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் ஓய்வு நாள் முடிவில் உடம்பு ஒன்று ஒன்றரைக் கிலோ கூடியதுபோல், கொஞ்சம் உப்பினாற்போல் இருந்தால் கவலை வேண்டாம், எரிபொருள் ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி நாளைத் திட்டமிடுவது. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஓய்வு நாள் என்பது ஒரு பகல், இரண்டு இரவு. முந்தைய நாள் 110 கிலோமீட்டர் ஓட்டி இருட்டியபின் நகரத்துக்குள் நுழைந்தால், முதல் இரவு களைப்பிலேயே போய்விடும். அதற்குப் பதிலாக முந்தைய நாளைச் சிறிதாக வைத்து, 40, 50 கிலோமீட்டரோடு நண்பகலுக்குள் வந்து சேருங்கள். ஒரே ஒரு ஓய்வு நாள் அப்போது ஒன்றரை நாளாக நீண்டுவிடும். பார்க்க வேண்டியதை அந்த முதல் மாலையிலேயே பார்த்துவிடலாம், ஏற்கெனவே சூடாக இருக்கும் கால் என்பதால் மெதுவாக நடப்பது அன்று சுகமாகக்கூட இருக்கும். முழு ஓய்வு நாளை உண்மையிலேயே சும்மா இருக்க விட்டுவிடலாம்.

கிழமையையும் பாருங்கள். நகரத்தின் பெயரைப் பார்த்து ஓய்வு நாளை முடிவு செய்வோம், கிழமையை மறந்துவிடுவோம். தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஐரோப்பாவில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை. இதைவிட முக்கியம் சைக்கிள் கடைகள். ஐரோப்பாவில் பல ஊர்களில் ஞாயிறும் திங்களும் அவை திறப்பதில்லை. ஒரு ஸ்போக் கம்பி வாங்க வேண்டும் என்று காத்திருந்து ஞாயிற்றுக்கிழமை ஓய்வு எடுத்தால், அழகான நகரத்தில் பூட்டிய கடை வாசலில் நிற்க வேண்டியதுதான். அருங்காட்சியகமா, சைக்கிள் கடையா என்று வந்தால் கடை திறந்திருக்கும் நாளையே நான் தேர்ந்தெடுப்பேன்.

எங்கே தங்குவது? கோட்டைக்குள் தங்க எல்லாருக்கும் ஆசைதான். ஆனால் அங்கே பழைய வீடுகளின் மாடிப்படி செங்குத்தாக, திருகிக்கொண்டு போகும். மூன்றாம் மாடிக்கு நான்கு பைகளையும் சைக்கிளையும் தூக்குவதை நினைத்துப் பாருங்கள், இறங்கும் படி பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். கோட்டை வாயிலுக்கு வெளியே, பத்து நிமிட நடையில், தரைத்தளத்தில் சைக்கிளை உள்ளே வைத்துப் பூட்ட இடம் தரும் விடுதி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யும்போதே "சைக்கிளை எங்கே வைக்கலாம்" என்று கேட்டுவிடுங்கள். "பாதுகாப்பான இடம் இருக்கிறது" என்று சொன்னால் அது கட்டிடத்துக்கு உள்ளேயா வெளியேயா என்பதையும் கேளுங்கள். ஒருமுறை நான் கேட்காமல் விட்டேன். போய்ப் பார்த்தால் அந்தப் பாதுகாப்பான இடம் தெருவோரத்து விளக்குக் கம்பம். இரவெல்லாம் ஜன்னல் பக்கமே காது. அதற்குப் பெயர் ஓய்வா?

கோட்டைக்குள் சைக்கிளில் சுற்றுவதை ஏன் வேண்டாம் என்கிறேன்? பழைய நகரத் தெருக்கள் பாதசாரியையும் பொதி சுமக்கும் விலங்கையும் மனதில் வைத்து உருவானவை. மொராக்கோவில் ஃபெஸ் நகரத்தின் பழைய பகுதிக்குள் இன்றும் கார் நுழைவதில்லை, கோவேறு கழுதைகளும் கைவண்டிகளும்தான் சரக்கு சுமக்கின்றன. வெனிஸின் பழைய நகரத்தில் சைக்கிள் ஓட்டவே தடை, தள்ளிக்கொண்டு போகவும் அனுமதி இல்லை. போதாக்குறைக்கு அங்கே பாலத்துக்குப் பாலம் படிகள். வேறு பல நகரங்களில் பகல் வேளையில் பாதசாரிகளுக்கு மட்டுமான தெருக்களில் இறங்கித் தள்ள வேண்டும். கூட்டத்துக்குள் நாள் முழுக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதைவிட அலுப்பு வேறில்லை. எங்கே நிறுத்தினாலும் கண் அதன் மேலேயே இருக்கும், ஓவியத்தையோ தூணையோ நிம்மதியாகப் பார்க்க முடியாது.

தரையும் ஒரு காரணம். ரோமில் சாம்பியெத்ரீனி என்று ஒருவகைக் கருங்கல் பாவிய தெருக்கள் உண்டு. காய்ந்திருந்தால் குலுக்கும், மழை பெய்தால் சோப்பு தடவியதுபோல் வழுக்கும். டிராம் ஓடும் நகரங்களில் தண்டவாளத்தின் பள்ளம் சைக்கிள் டயருக்கென்றே அளவெடுத்தாற்போல் இருக்கும். அதைச் செங்கோணத்துக்கு எவ்வளவு நெருங்கிக் கடக்க முடியுமோ அவ்வளவு நெருங்கிக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் முன்சக்கரம் உள்ளே விழுந்துவிடும். நகரத்துக்குள் வரும்போதும் வெளியேறும்போதும் இதையெல்லாம் எப்படியும் ஒருமுறை கடக்கத்தான் போகிறீர்கள். ஓய்வு நாளிலும் எதற்கு?

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு, எனக்கு மிகப் பிடித்த விதிவிலக்கு: கோட்டைச் சுவரின் மேலேயே சைக்கிள் ஓட்ட விடும் நகரங்கள். இத்தாலியில் லூக்கா நகரத்தின் மதில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் கட்டியது, இன்றும் முழு வட்டமாக நிற்கிறது. சுற்றளவு சுமார் 4.2 கிலோமீட்டர். மேலே அகலமான பாதை, இருபுறமும் மரங்கள், கார் கிடையாது, மேடு பள்ளமும் கிடையாது. சீனாவில் சியான் நகரத்தில் மிங் வம்சத்தார் எழுப்பிய மதில் சுமார் 13.7 கிலோமீட்டர். மேலே வாடகைக்கே சைக்கிள் தருகிறார்கள், நம் சைக்கிள் விடுதியில் தூங்கட்டும். சுமையில்லாமல், அவசரமில்லாமல், ஒரு பக்கம் பழைய ஓட்டுக் கூரைகளும் மறுபக்கம் புது நகரமுமாகப் பார்த்துக்கொண்டு ஒரு சுற்று வருவதற்கு இதைவிட நல்ல இடம் ஏது? மதிலை இடித்துவிட்ட நகரங்களிலும் அந்த வட்டம் மறைந்துவிடவில்லை. வியன்னாவில் மதிலை அகற்ற 1857-இல் அரசாணை வந்தது, அந்த இடத்தில் வளையச் சாலை போட்டார்கள், இப்போது அதை ஒட்டிச் சைக்கிள் பாதை ஓடுகிறது. போலந்தின் கிராக்கோவில் மதில் இருந்த இடம் நகரத்தைச் சுற்றிய பூங்காவாகிவிட்டது. எந்தப் பழைய நகரத்தின் வரைபடத்தைப் பார்த்தாலும் முதலில் அந்த வட்டத்தைத் தேடுங்கள். உள்ளே நுழையாமலே நகரத்தை அளந்துவிடலாம்.

இப்படி அரை மணி, முக்கால் மணி நேரம் லேசான கியரில் காலைச் சுழற்றுவது உடம்புக்கும் நல்லது. ஓய்வு நாளில் அசையாமல் கிடந்துவிட்டு மறுநாள் ஏறினால் கால் கட்டைபோல் இருப்பதைப் பலர் உணர்ந்திருப்பார்கள். பந்தய வீரர்களும் ஓய்வு நாளில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டத்தான் செய்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். வியர்க்கக் கூடாது, மூச்சு வாங்கக் கூடாது, வேகத்தைக் காட்டும் கருவியை விடுதியிலேயே வைத்துவிட வேண்டும். மேடு இருந்தால் அந்த வழியே வேண்டாம்.

ஆனால் உட்காரும் இடத்தில் புண் இருந்தால் இந்த அரை மணி நேரமும் வேண்டாம். நீண்ட பயணத்தைப் பாதியில் முடித்து வைப்பதில் கால்வலியைவிட இந்தப் புண்ணுக்குத்தான் பெரிய பங்கு. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பதால் இன்னும் முற்றுகிறது. ஓய்வு நாளில் பேட் வைத்த ஷார்ட்ஸை நாள் முழுக்கக் கழற்றிவிட்டு, தளர்வான பருத்தித் துணி உடுத்துங்கள். அந்த இடம் கழுவிக் காய்ந்து காற்றாட இருக்கட்டும். ஒரு நாளில் சிவப்பு அடங்கிவிட்டால் தொடரலாம். கட்டியாகத் திரண்டு காய்ச்சலும் சேர்ந்தால் மருத்துவரிடம் போங்கள், அங்கே வீரம் வேண்டாம். ஷார்ட்ஸை வந்த முதல் மாலையிலேயே துவைத்துவிட வேண்டும். அந்தப் பேட் லேசில் உலராது. ஓய்வு நாள் மாலையில் துவைத்தால் மறுநாள் காலை ஈரத்தோடு போட்டுக்கொண்டு, புண்ணை நீங்களே வரவழைத்ததாகிவிடும்.

கையையும் கவனியுங்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போவது சைக்கிள் பயணிகளுக்கு வழக்கமான தொல்லை. உள்ளங்கையின் ஓரமாகப் போகும் அல்னார் நரம்பை ஹேண்டில்பார் நாள்கணக்கில் அழுத்துவதால் வருவது அது. ஓய்வு நாள் மாலைக்குள் மரத்த தன்மை போய்விட்டால் நல்லது. போகவில்லை என்றால் ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்துங்கள், சீட்டின் முன்மூக்கு கீழே சாய்ந்து எடையைக் கைக்குத் தள்ளுகிறதா என்றும் பாருங்கள்.

சைக்கிளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள், அதுவும் காலையிலேயே. மாலையில் பார்த்து ஏதாவது கோளாறு தெரிந்தால் கடை மூடியிருக்கும். கல் பாவிய தெருவில் குலுங்கி வந்த சைக்கிளில் முதலில் பார்க்க வேண்டியது கேரியரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். நானும் செயினுக்கும் பிரேக்குக்கும்தான் மெனக்கெடுவேன், இதை விட்டுவிடுவேன். ஒருமுறை பழைய நகரத்தை விட்டுக் கிளம்பி 20 கிலோமீட்டர் தள்ளி, இறக்கத்தில் கேரியர் ஒருபக்கம் சரிந்து பை சக்கரத்தில் உரசியது. கல் தெருவில் எங்கோ ஒரு போல்ட் கழன்று விழுந்திருக்கிறது. அன்று பையை இறுக்கிக் கட்டும் கயிற்றால் சமாளித்தேன். அதிலிருந்து இரண்டு உதிரி போல்ட்டுகளைச் சைக்கிளின் தண்ணீர்க் குடுவைத் தாங்கியிலேயே திருகி வைத்திருக்கிறேன்.

செயினைத் துடைத்துவிட்டு ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். செயினின் கண்ணிகளை இணைக்கும் ஒரு முள்ளின் நடுவிலிருந்து, அதையும் சேர்த்து எண்ணி, 25-ஆவது முள்ளின் நடு வரை, புதுச் செயினில் 304.8 மில்லிமீட்டர் இருக்கும், அதாவது சரியாக 12 அங்குலம். அது ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டிருந்தால் அரை சதவீதத் தேய்மானம். 11, 12 பல்சக்கரம் உள்ள சைக்கிளில் அப்போதே மாற்றிவிடுவது நல்லது, குறைவான பல்சக்கரம் என்றால் இன்னும் கொஞ்சம் ஓட்டலாம். மாற்றாமல் விட்டால் பல்சக்கரங்களையும் சேர்த்துத் தேய்த்துவிடும், செலவு பல மடங்கு. பின்சக்கரத்தில் ஸ்போக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அழுத்திப் பாருங்கள். தளர்ந்த கம்பி கைக்கே தெரியும். சுமையோடு போகும் சைக்கிளில் பெரும்பாலும் முறிவது பின்சக்கரத்தில் பல்சக்கரப் பக்கத்துக் கம்பிதான், அதை வெளியூர்ச் சாலையில் மாற்றுவது பெரும்பாடு. டிஸ்க் பிரேக் என்றால் பேடில் தேயும் பகுதி ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டதா என்று பாருங்கள். அப்புறம் டயரைக் கையால் சுற்றிக்கொண்டே வந்து ரப்பரில் பதிந்த கண்ணாடிச் சில்லு, கம்பித் துண்டுகளை ஊசியால் கிளறி எடுங்கள். உள்ளே டியூபைத் தொடும்வரை அவை பொறுமையாக இருக்கும்.

பழைய நகரத்தில் தங்கிச் சைக்கிளைத் தேற்றிக்கொள்வது சைக்கிள் பயணம் அளவுக்கே பழையது. உயரமான முன்சக்கரம் வைத்த சைக்கிளில் முதன்முதலாக உலகைச் சுற்றி வந்தவர் தாமஸ் ஸ்டீவன்ஸ். 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி 1886 டிசம்பரில் யோகோஹாமாவில் முடித்தார். ஐரோப்பாவைக் கடந்து கான்ஸ்டான்டினோபிளை (இன்றைய இஸ்தான்புல்) அடைந்ததும் அங்கே சில நாள் தங்கி, ஸ்போக் கம்பி, டயர் என்று உதிரிப் பொருள்களை நிரப்பிக்கொண்டார். வழியில் கொள்ளைக்காரர் பயம் என்று கேள்விப்பட்டு முன்பைவிட நல்ல துப்பாக்கி ஒன்றும் வாங்கிக்கொண்டார். பிறகு தெஹ்ரானில் குளிர்காலம் முழுவதும் பாரசீக ஷாவின் விருந்தினராகத் தங்கினார். அதையும் ஓய்வு நாள் கணக்கில் சேர்த்தால் நாமெல்லாம் ஒரு நாளுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறோம் என்று தோன்றும்.

சரி, வேலையெல்லாம் முடிந்தது. மீதி நேரத்தில் நகரத்தில் என்ன செய்வது? ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து அதை நன்றாகப் பாருங்கள். மற்ற நேரம் ஒரு சதுக்கத்திலோ ஆற்றங்கரையிலோ நிழலில் உட்காருங்கள். பேருந்தில் வந்து ஒரு நாளில் 12 இடம் பார்க்கிறவருக்குக் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. இந்த நகரத்தை நோக்கி வரும் சாலையை நீங்கள் கால் உழைத்துக் கடந்திருக்கிறீர்கள். கோட்டை ஏன் இந்த மேட்டில் நிற்கிறது, ஆறு எந்தப் பக்கம் காவல், வணிகர்கள் எந்தக் கணவாய் வழியாக வந்திருப்பார்கள் என்பதெல்லாம் உங்கள் தொடைக்கே தெரியும். அதற்காகத் தனியாக அலைய வேண்டியதில்லை. மதியம் ஒரு மணி நேரம் தூங்குங்கள், காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுப்பதும் இதமாக இருக்கும்.

துணையோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓய்வு நாளில் பிரிந்து போங்கள். ஆறு நாள் ஒருவர் பின்சக்கரத்தை இன்னொருவர் பார்த்தபடியே வந்திருப்பீர்கள். ஒருவருக்குத் தூக்கம் வேண்டும், இன்னொருவருக்கு அருங்காட்சியகம் வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குச் சந்திப்போம் என்று சொல்லிவிட்டுப் பிரிந்தால் அன்று இரவு பேசுவதற்கு இருவரிடமும் விஷயம் இருக்கும். சேர்ந்தே சுற்றினால் எந்தச் சந்தில் திரும்புவது என்பதில் சண்டை வரும், அந்தச் சண்டை மறுநாள் மேட்டில் தொடரும்.

மாலையில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. மறுநாள் நகரத்தை விட்டு வெளியேறும் வழியை முதல் ஒரு கிலோமீட்டராவது நடந்து பார்த்துவிடுங்கள். திரும்பி நடப்பதையும் சேர்த்தால் இரண்டு, இது அன்றைய நடைக் கணக்குக்குள்ளேயே வரட்டும். பழைய நகரத்தில் வரைபடம் காட்டும் வழி படிக்கட்டில் போய் முடியலாம், ஒருவழித் தெருவாக இருக்கலாம், காலையில் சந்தை கூடி அடைத்திருக்கலாம். விடியும் முன்பே கிளம்புங்கள். கடைகள் திறக்கும் முன், சரக்கு வண்டிகள் வரும் முன், கல் தெருவில் ஆளரவம் இல்லாத அந்த அரை மணி நேரத்தில் மட்டும் கோட்டைக்குள் சைக்கிள் ஓட்டலாம். முதல் பத்து கிலோமீட்டருக்குச் சின்னக் கியரிலேயே போங்கள், கால் கனமாக இருந்தாலும் அழுத்த வேண்டாம், கொஞ்ச தூரத்தில் விட்டுவிடும். கோட்டை வாயிலைத் தாண்டித் தார்ச்சாலை தொடங்கியதும் ஒரு நிமிடம் நிறுத்தி, கேரியர் போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.